சென்னை போர் தண்ணீரில், இரண்டடித் தொட்டியில் எந்த மீன் நிற்கும்?

வில்லிவாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட், 24-க்கு 12-க்கு 12 அங்குலக் கண்ணாடித் தொட்டி, போர் தண்ணீர். கடையில் ‘செட்’ என்று கொடுத்தது இரண்டு கோல்டு, இரண்டு ஏஞ்சல், இரண்டு ஷார்க், பாசி தின்ன ஒரு சக்கர். மூன்று வாரத்துக்குள் சக்கரைத் தவிர எல்லாம் போய்விட்டன. நடுவில் தண்ணீரை முழுசாக மாற்றினீர்கள், கடைக்காரர் சொன்ன நீல மருந்தும் ஊற்றினீர்கள். இப்போது ‘பெண் அழுகிறாள், இனி எந்த மீன் வாங்கினால் சாகாது’ என்று கேட்டிருக்கிறீர்கள். மீன் பெயர் மட்டும் வேண்டுமென்றால் கப்பி, மோலி, ஜீப்ரா, ஃபைட்டர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் போனவை ஏன் போயின என்று தெரியாமல் கப்பியை வாங்கி விட்டால் அதுவும் மூன்று வாரத்தில் போகும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் மீன்வளம் படித்தவன். சில வருடம் அலங்கார மீன் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீடுகளிலும் அலுவலகங்களிலும் தொட்டி அமைத்துக் கொடுத்துப் பராமரிக்கிறேன். செத்த மீனைப் பார்க்காமல், அன்றைக்கு இருந்த தண்ணீரைச் சோதிக்காமல் இதனால்தான் செத்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நோயைவிட அம்மோனியா மீதுதான் எனக்குச் சந்தேகம். புதுத் தொட்டியில் முதல் மாதச் சாவுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

முதலில் தொட்டியின் அளவைப் பார்ப்போம். 24-12-12 தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். கல் போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டால் மிஞ்சுவது 45 லிட்டர் அளவுதான், இரண்டு கேன் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூட. அதில் ஏழு மீன், அதுவும் நான்கு விதமான, பெரிதாக வளரக்கூடிய மீன்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகி அதே அம்மோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் சிறிய அளவிலேயே விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் மிதந்துகொண்டிருப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வளரும். போதுமான அளவு வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் சில சமயம் கொஞ்சம் சீக்கிரம். உங்கள் மீன்கள் போன மூன்று வாரமும் அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது.

இதில் சென்னைக்கு என்று ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவும் விஷமில்லை. அதில் ஒரு பகுதிதான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். அந்தப் பகுதி எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) சூடும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, சூடு 25 டிகிரி என்றால் சுமார் அரை சதவீதம்தான். பி.எச். 8, சூடு 30 டிகிரி ஆகிவிட்டால் ஏழு சதவீதத்துக்கு மேல் போய்விடும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் பி.எச். ஏழரையிலிருந்து எட்டு வரை இருக்கும், வீட்டுக்குள் தொட்டி 29, 30 டிகிரி சாதாரணம். அதாவது வேறு ஊர்த் தண்ணீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அழுக்கு இங்கே பத்து மடங்குக்கு மேல் விஷமாக வேலை செய்யும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவியிருந்தால், வளர ஆரம்பித்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவி விட்டிருப்பீர்கள். நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் தனி டப்பில் வைத்துச் சிகிச்சை செய்யும்போது நல்ல மருந்துதான். தொட்டிக்குள் ஊற்றினால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது, மீன் சாகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் மருந்து கொடுக்காமல் அனுப்பினால் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

இனி அந்த செட்டைப் பார்ப்போம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். இங்கே பண்ணையில் பிறந்தவை 30 டிகிரியையும் தாங்கும். ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும், 32 டிகிரியில் 7.3 அளவுதான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடும். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழியும் ஜாதி, உருண்டை வகைகளே 15 சென்டிமீட்டர் தாண்டும், நீளமான காமெட் வகை ஓர் அடி வரை போகும். அதைக் கிண்ணத்தில் வைப்பது சினிமாவுக்குச் சரி.

ஏஞ்சல் தென் அமெரிக்க மீன், சூடு அதற்குப் பிரச்சினையில்லை. வளர்ந்தால் உடல் 15 சென்டிமீட்டர், மேல் செட்டையிலிருந்து கீழ்ச் செட்டை வரை உயரம் அதற்கும் மேல். ஒரு அடி உயரத் தொட்டியில் கல்லும் போட்டபின் அதற்கு நிமிர்ந்து நிற்கவே இடம் போதாது. ஷார்க் என்று கொடுத்தது வெள்ளையோ கறுப்போ, அது பெரும்பாலும் ஹோட்டலில் பாசா என்று துண்டு போட்டு வருகிறதே, அதே மீனின் குஞ்சு. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய ஆற்று மீன். கூட்டமாக ஓட வேண்டியது, பயந்தால் கண்ணாடியில் போய் முட்டும். இரண்டடித் தொட்டிக்கு இதை விற்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

சக்கர் மட்டும் ஏன் பிழைத்தது? அது கெட்டி மீன் என்பது ஒரு பதில். இன்னொன்று, தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் சக்கர் மேலே வந்து காற்றை விழுங்கும், அதன் இரைப்பை அந்தக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மற்றவை போனபின்னும் அது நிற்கிறது. அதற்காக அது உங்கள் தொட்டிக்கு ஏற்றது என்று ஆகாது. ஒன்றரை அடி வரை வளரும், வளர்ந்தபின் பாசியை அவ்வளவாகத் தொடாது, அது போடும் கழிவு அது தின்னும் பாசியைவிட அதிகம். ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரை யார் வைத்தார்களோ! இப்போதைக்கு அதை வைத்திருங்கள். அது விடும் அம்மோனியாவில்தான் உங்கள் ஃபில்டரில் பாக்டீரியா வளரும். புது மீன் வாங்கும் அன்று கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். சென்னையைச் சுற்றிய ஏரிகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது, முள் செட்டை வலையைக் கிழிப்பதாக மீன் பிடிப்பவர்கள் புலம்புகிறார்கள், நம் ஊர் மீன்களின் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்கிறது.

தண்ணீருக்கு வருவோம். மீன் வாங்கும் முன் உங்கள் குழாயில் வருவது எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவரிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், போர் தண்ணீரில் ஒரு தடவை நனைத்துக் காட்டச் சொல்லுங்கள். 300-க்குள் இருந்தால் ஏறக்குறைய எந்த நன்னீர் மீனுக்கும் பரவாயில்லை. 500-லிருந்து 1000 என்றால் கப்பி, மோலி மாதிரி குட்டி போடும் மீன்களுக்கு நல்லது, டெட்ரா வகைகளுக்குச் சிரமம். 1500-ஐத் தாண்டினால் மோலி தவிர மற்றவற்றை யோசித்துத்தான் வாங்க வேண்டும். இந்த எல்லைகள் நான் வேலையில் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு, சட்டம் இல்லை. இன்னொன்று: டி.டி.எஸ். என்பது கரைந்த உப்பு மொத்தம், கடினத்தன்மை வேறு. சில அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடும், மீட்டரில் எண் அப்படியே இருக்கும். குழாய் வாயில் வெள்ளையாகக் காரை படிகிறதா, கீஸர் காயிலில் உப்புக் கட்டுகிறதா என்று பார்த்தால் கால்சியம் உள்ள கடினத் தண்ணீர் என்று புரிந்துவிடும். கப்பிக்கும் மோலிக்கும் அந்தக் கால்சியம்தான் வேண்டும்.

மெட்ரோ தண்ணீர் வருகிறவர்களுக்கு உப்புப் பிரச்சினை குறைவு, குளோரின் பிரச்சினை உண்டு. ஒரு நாள் திறந்த பக்கெட்டில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும், ஏர் பம்ப் குழாயைப் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம். அவசரம் என்றால் கடையில் ஹைப்போ என்று கற்கண்டு மாதிரி படிகமாக விற்பார்கள், அது குளோரினை உடனே முறிக்கும். பாக்கெட்டில் போட்ட அளவை மீறாதீர்கள். போர் தண்ணீர்தானே, குளோரின் ஏது என்று நினைக்காதீர்கள். ஃபிளாட்டில் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள், நோட்டீஸ் போர்டைக் கவனிக்காமல் அன்றைக்கே தண்ணீர் மாற்றி மொத்தத் தொட்டியையும் இழந்த வீடுகள் உண்டு. போர் தண்ணீரையும் ஒரு ராத்திரி பக்கெட்டில் வைத்து, காற்று ஏறிய பின் ஊற்றுவதே நல்லது. நிலத்தடியிலிருந்து நேராக வருவதில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும்.

ஆர்.ஓ. தண்ணீரிலேயே மீன் வளர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச்-ஐத் தாங்கிப் பிடிக்கிற உப்பு இல்லை, திடீரென்று சரியும். மீனுக்குத் தேவையான தாதுவும் இல்லை. போர் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து குழாயில் வெளியேறும் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்ற வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை, ஹீட்டர் வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மார்கழியிலும் நம் வீட்டுக்குள் தொட்டி 24 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். கவலைப்பட வேண்டியது ஏப்ரல் முதல் ஜூன் வரை. மூடியைத் திறந்து மேல்பரப்பில் மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் இரண்டு டிகிரி வரை குறையும். நம் கடலோரப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஆவியாகிக் குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும், அந்த நிரப்பலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. தொட்டியை வைக்கும் இடத்தையும் பாருங்கள். ராத்திரி ஏ.சி. ஓடும் படுக்கையறையில் வைத்தால் பகலில் 32, ராத்திரி 25 என்று ஏறி இறங்கும். நிலையான 31 டிகிரியை மீன் தாங்கும், இந்த ஏற்ற இறக்கத்தை 45 லிட்டரில் தாங்காது; வெள்ளைப் புள்ளி நோய் வருவதே இப்படித்தான் பல வீடுகளில். ஹாலில், வெயில் நேராக விழாத சுவரோரம் வையுங்கள். நிரப்பிய தொட்டி எழுபது கிலோவுக்குக் குறையாது, அடியில் ஒரு தெர்மோகோல் ஷீட் போட மறக்காதீர்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு முதல் மீன் கப்பிதான். மலிவு என்பதால் ஏளனமாகப் பார்க்கப்படும் மீன். ஆனால் கடினத் தண்ணீர், சூடு, சின்ன இடம் என்று உங்களிடம் இருக்கும் மூன்றுமே அதற்கு ஒத்துவரும். ஆண் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். பெண் ஐந்து, ஆறு. ஒரே ஒரு எச்சரிக்கை, பெருகும். பெண் கப்பியின் வயிற்றின் பின்பக்கம், ஆசனவாய் அருகே ஒரு கரும்புள்ளி இருக்கும், குட்டி போடும் நாள் நெருங்க நெருங்க அது பெரிதாகிக் கறுக்கும். ஏறக்குறைய மாதம் ஒரு முறை இருபது, முப்பது குட்டி. ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் பல மாதத்துக்கு விந்தை உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு ஆண் இல்லாமலேயே குட்டி போட்டுக்கொண்டிருக்கும், அதனால் பெண்ணை மட்டும் வாங்கினால் தப்பிக்கலாம் என்பது நடக்காது. ஆண் மட்டும் எட்டு வாங்குங்கள். நிறமெல்லாம் ஆணுக்குத்தான், கணக்கும் எட்டோடு நிற்கும். குட்டி போடுவதை உங்கள் மகள் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு ஆண், ஐந்து பெண். பெண் குறைவாக இருந்தால் ஆண்கள் துரத்தியே அவற்றைச் சாகடித்துவிடும். பெரிய விசிறி வாலோடு தனி விலைக்கு விற்கும் ரகங்களைவிட, கொளத்தூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் சிமென்ட் தொட்டியில் வளர்ந்த கலப்புக் கப்பி உங்கள் தண்ணீருக்குச் சீக்கிரம் பழகும். வால் சின்னதாக இருக்கும், ஆயுள் கூடுதலாக இருக்கும்.

மோலி இதைவிடவும் உப்பைத் தாங்கும்; படிப்படியாகப் பழக்கினால் கடல் தண்ணீரிலேயே வாழும். டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். எட்டு, பத்து சென்டிமீட்டர் வளரும் என்பதால் உங்கள் தொட்டிக்கு நான்குக்கு மேல் வேண்டாம். மென்மையான தண்ணீரில் வைத்தால் மோலி ஒரே இடத்தில் நின்று உடலை நடுக்கத்தோடு ஆட்டிக்கொண்டே இருக்கும், செட்டையை ஒடுக்கிக்கொள்ளும். அதைக் குளிர் என்று நினைத்து ஹீட்டர் போடுவார்கள். பெரும்பாலும் அது உப்பும் கால்சியமும் போதவில்லை என்பதன் அறிகுறி. பிளாட்டி அழகு, சாது, ஆனால் மே மாதச் சூட்டில் கப்பி அளவுக்குத் தாங்குவதில்லை.

பெண்ணுக்கு வேடிக்கை பார்க்க ஓட்டமுள்ள மீன் வேண்டுமென்றால் ஜீப்ரா. நம் நாட்டு ஓடைகளில் இருக்கும் மீன் இது, எந்தத் தண்ணீருக்கும் அனுசரித்துப் போகும். ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள், இரண்டு மூன்று என்றால் ஒன்றையொன்று துரத்தி அலையும். குதிக்கும், அதனால் மூடி அவசியம். மின்விசிறிக்காகத் திறந்து வைத்தால் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். ஆறு ஜீப்ராவும் ஐந்து ஆண் கப்பியும் ஒரே தொட்டியில் நன்றாகப் போகும். அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

ஃபைட்டர் தனிக் கதை. செவுளோடு சேர்த்துக் காற்றை நேரடியாகச் சுவாசிக்க அதற்குத் தலைக்குள் ஓர் உறுப்பு இருக்கிறது, அதனால் ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைக்கும். இதை வைத்துத்தான் டம்ளரில் போட்டு விற்கிறார்கள். பிழைக்கும் என்பதும் நன்றாக இருக்கும் என்பதும் ஒன்றில்லை, பத்துப் பதினைந்து லிட்டராவது கொடுங்கள். தாய்லாந்து வயல்வெளி மீன் என்பதால் நம் சூடு அதற்குச் சொந்த ஊர் மாதிரி. ஒரு தொட்டிக்கு ஒரு ஆண் மட்டும். நீண்ட வால் கப்பியோடு விட்டால் எதிரி ஃபைட்டர் என்று நினைத்துக் கடிக்கலாம். ஜீப்ராவோடு விட்டால் ஜீப்ரா ஃபைட்டரின் வாலைப் பதம் பார்க்கலாம். சேர்த்து வைத்துப் பிரச்சினையே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. ஃபைட்டருக்கு ஃபைட்டர் குணம் மாறும். முதல் தொட்டியில் அந்தச் சோதனை வேண்டாம் என்பது என் கருத்து.

நியான் டெட்ராவைப் பார்த்துப் பெண் கண்டிப்பாகக் கேட்பாள். அது மென்மையான, 26 டிகிரிக்குள் இருக்கும் தண்ணீர் மீன், மே மாதம் உங்கள் ஹாலில் அதற்கு நரகம். டைகர் பார்ப் தாங்கும், ஆனால் கூட இருப்பவற்றின் வாலைக் கடிக்கும். குள்ள கௌராமி ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. பண்ணையில் வளர்ந்தவற்றில் ஒரு வைரஸ் நோய் பரவலாக இருப்பதால் அரை மனதோடுதான் சொல்கிறேன். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன், கோய், அரவானா பெயரை யாராவது வாஸ்து என்று சொல்லி எடுத்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மிஸ் கேரளா எனப்படும் செங்கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் குளிர்ந்து ஓடும் தண்ணீரில் வாழ்வது, அழிவு அபாயத்தில் உள்ள இனமும்கூட. அதையும் விட்டுவிடுங்கள்.

எத்தனை மீன் என்பதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாது. ஒரு அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். கப்பி அளவு மீனுக்கு அது ஓரளவு சரி. அதே கணக்கில் ஐந்து அங்குல கோல்டு ஃபிஷ்ஷும் ஐந்து கப்பியும் சமம் என்று வரும், கழிவை வைத்துப் பார்த்தால் கிட்டவே நிற்காது. உங்கள் 45 லிட்டருக்குச் சின்ன மீன் பத்துப் பன்னிரண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாதீர்கள். முதலில் அம்மோனியா சோதிக்கும் சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள். சக்கர் இருக்கும் இந்தத் தொட்டியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் நான்கு மீன் விடலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்து அடுத்த நான்கு. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள்; ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து திரும்பப் போடுங்கள். பின்பக்க விளிம்பில் ஒரு மணி பிளான்ட் தண்டைச் சொருகி வேர் மட்டும் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் நைட்ரேட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், செலவில்லாத உதவி.

கடைக்குப் போகும்போது சாயங்காலக் கூட்டத்தில் போகாதீர்கள். கடைத் தொட்டியில் ஒரே ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து வாங்க வேண்டாம். மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது, செட்டையை உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பது, வயிறு உள்வாங்கியிருப்பது, உப்புத் தூவினாற்போல் புள்ளி, கல்லில் உடம்பை உரசுவது, இதில் எது தெரிந்தாலும் வேண்டாம். கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்ன வருகிற மீனையே காட்டி அதையே பிடிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கவரை மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு திறந்து உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி நேரம் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். உயிர்ப் புழு என்று விற்கும் செம்புழு பெரும்பாலும் சாக்கடை ஓரங்களில் எடுப்பது, நோயை நேராக வீட்டுக்குள் கொண்டுவரும். உலர்ந்த தீனியே போதும், ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏர் பம்ப் மூன்று, நான்கு வாட்தான் எடுக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நின்றால் தீனியை உடனே நிறுத்திவிடுங்கள், மணிக்கு ஒரு முறை ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மூடியபடி நின்றுபோன பெட்டி ஃபில்டருக்குள் பாக்டீரியா மூச்சில்லாமல் செத்து அழுகியிருக்கும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தால், அதைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே போடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால் நான்கைந்து நாளைக்கு வளர்ந்த மீனுக்குத் தீனியே தேவையில்லை. கிளம்பும் முதல் நாள் தண்ணீர் மாற்றிவிட்டு, லைட்டை அணைத்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் சாவியையும் தீனி டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் அன்பாக அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை வீதம் காகிதப் பொட்டலமாகக் கட்டி, மேலே கிழமையை எழுதிக் கொடுங்கள். டப்பாவை உங்கள் அலமாரியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.